தாய்நகர் தீரு: ஒரு பினீசியத் துறைமுகமும் அதன் பிள்ளை நகரங்களும்

லெபனானின் தலைநகரான பெய்ரூத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் சென்றால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டின் மேல் ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதைச் சூர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் டயர். தமிழ் விவிலியத்தில் அது 'தீரு'. 'தீரு, சீதோன்' என்று இரட்டையாகவே அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். சூர் என்பதற்குப் பினீசிய மொழியில் பாறை என்று பொருள். அந்தப் பெயர் வந்த காலத்தில் நகரம் கரையோடு ஒட்டியிருக்கவில்லை. கரையிலிருந்து முக்கால் கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில், கடல் நடுவே கிடந்த பாறைத் தீவாக அது இருந்தது.

2024ஆம் ஆண்டுப் போரின்போது இந்த நகரின் பெயர் மீண்டும் உலகச் செய்திகளில் அடிபட்டது. குண்டுவீச்சு, வெளியேற்ற உத்தரவு, இடம்பெயர்வு என்ற சொற்களோடு வந்து, பின்னர் மறைந்துபோனது. அந்தப் பெயருக்குப் பின்னால் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பலமுறை முற்றுகையிடப்பட்ட நகரம் அது. அங்கிருந்து மக்கள் திரும்பத் திரும்பக் கடல் தாண்டிப் போனார்கள். போனவர்கள் தாய்நகரோடு எப்படி உறவு பேணினார்கள், எதைக் காப்பாற்றினார்கள், எதை இழந்தார்கள் என்பதை மனதில் வைத்தே இந்த வரலாற்றை இங்கு தொகுத்துத் தருகிறோம்.

விறகும் தண்ணீரும் இல்லாத தீவு

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தீருவுக்கு நேரில் சென்றார். நகரின் காவல் தெய்வமான மெல்கார்த்தின் கோயிலில் இரண்டு தூண்களைக் கண்டதாக அவர் எழுதுகிறார். ஒன்று பொன்னாலானது, மற்றது இரவில் ஒளிவீசும் மரகதத்தாலானது. நகரம் எப்போது உருவானது என்று அவர் பூசகர்களிடம் கேட்டார். 2300 ஆண்டுகளுக்கு முன்னர் என்று அவர்கள் விடையளித்தார்கள். அந்தக் கணக்கின்படி நகரின் பிறப்பு ஏறத்தாழ கி.மு. 2750. கோயிற் பூசகர்கள் ஊர்ப்பெருமைக்காகக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1970களில் நடந்த அகழ்வாய்வில், மிக அடியில் இருந்த குடியிருப்பு அடுக்குகள் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது.

நகரின் குரல் முதன்முதலில் எமக்குத் தெளிவாகக் கேட்பது எகிப்திலிருந்து. 1887இல் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகளுள் தீருவின் அரசன் அபிமில்கு எகிப்திய மன்னனுக்கு எழுதிய பத்துக் கடிதங்கள் உள்ளன. காலம் கி.மு. 14ஆம் நூற்றாண்டு. அவற்றில் அவன் பொன்னைக் கேட்கவில்லை. எதிரே உள்ள கரையை அயல்நகரான சீதோனின் மன்னன் பிடித்துக்கொண்டான். எமக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, எரிக்க விறகு இல்லை, இறந்தவர்களைப் புதைக்க இடமும் இல்லை என்று முறையிடுகிறான்.

தீவின் பலமும் பலவீனமும் இதில் அடங்கிவிடுகின்றன. சுற்றிவரக் கடல் இருந்ததால் எதிரிப் படைகள் எளிதில் நெருங்க முடியாது. ஆனால் சோற்றுக்கும் தண்ணீருக்கும் பிறரை நம்பித்தான் வாழவேண்டும். ஆகவே தீருவின் மக்கள் கடலையே வயலாக்கிக் கொண்டார்கள். தீவின் வடக்கே சீதோனை நோக்கிய ஒரு துறைமுகம், தெற்கே எகிப்தை நோக்கிய இன்னொரு துறைமுகம் என இரண்டு அமைந்தன.

கி.மு. 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட மன்னன் ஈராமின் காலத்தில் நகரம் செழித்தது. யெருசலேமில் சாலொமோன் மன்னன் ஆலயம் கட்டியபோது லெபனான் மலைக் கேதுரு மரங்களையும் கைவினைஞர்களையும் அனுப்பியவன் ஈராமே என்று விவிலியம் கூறுகிறது. பதிலுக்கு அவன் கேட்டது கோதுமையும் ஒலிவ எண்ணெயும். விளைநிலம் இல்லாத தீவின் அரசன் வேறு எதைக் கேட்பான்?

சங்கும் எழுத்தும்

தீருவின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது ஒரு சாயம். விவிலியத் தமிழில் இரத்தாம்பரம் என்று சொல்லப்படும் ஊதா நிறத் துணிக்கு வேண்டிய சாயம் அது. முட்கள் கொண்ட ஒருவகைக் கடற்சங்கின் உள்ளே இருக்கும் சிறிய சுரப்பியிலிருந்து அது எடுக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவர் இதைச் செய்து பார்த்தார். 12,000 சங்குகளிலிருந்து அவருக்குக் கிடைத்த சாயம் 1.4 கிராம் மட்டுமே. கி.பி. 301இல் உரோமப் பேரரசர் தயோக்கிளேசியன் வெளியிட்ட விலைப்பட்டியலில் ஊதாச் சாயமிட்ட பட்டு ஒரு இறாத்தலுக்கு 1,50,000 தெனாரி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சாயப் பட்டறைகளின் நாற்றத்தால் நகரில் குடியிருப்பது சிரமம், ஆனால் நகரின் செல்வமும் அவற்றால்தான் என்று புவியியலாளர் ஸ்திராபோ எழுதினார்.

சாயத்தை விட நீண்ட ஆயுள் கொண்டது பினீசியரின் எழுத்து. 22 மெய்யெழுத்துகள் மட்டுமே கொண்ட அந்த எளிய நெடுங்கணக்கைக் கப்பலில் வந்த வணிகரிடமிருந்து கிரேக்கர் கற்றனர். அதில் உயிரெழுத்துகளைச் சேர்த்துத் தமதாக்கிக் கொண்டனர். அதிலிருந்து இலத்தீன் எழுத்து வந்தது. மற்றொரு கிளையாக அரமேய எழுத்து வளர்ந்தது. எமது தமிழ் எழுத்துக்கும் முன்னோடியான பிராமி எழுத்து அரமேயத்திலிருந்து பிறந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதை மறுப்போரும் உள்ளனர்.

எம்மில் பலர் வாழும் கண்டத்தின் பெயரும் இந்தக் கரையோடு தொடர்புடையது. கிரேக்கப் புராணத்தில் வரும் ஐரோப்பா என்ற இளவரசி தீருவின் மன்னன் மகள். அவள் கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டவள். அவளைத் தேடிப் போன அண்ணன் காத்மஸ் தான் கிரேக்கருக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தான் என்பது கிரேக்கரே சொல்லும் கதை.

புதிய நகரம்

தீருவின் கப்பல்கள் சைப்பிரசுக்கும், அங்கிருந்து வட ஆபிரிக்காவுக்கும், மத்தியதரைக் கடலின் வாயிலைத் தாண்டி ஸ்பெயினின் காதிஸ் வரைக்கும் சென்றன. போன இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ். 'கர்த் ஹதஸ்த்' என்பது அதன் சொந்தப் பெயர். பொருள்: புதிய நகரம்.

மரபுக் கதையின்படி அது கி.மு. 814இல் நிறுவப்பட்டது. தீருவின் மன்னன் பிக்மாலியோன் செல்வத்துக்கு ஆசைப்பட்டுத் தன் தங்கை எலிசாவின் கணவனைக் கொன்றான். எலிசா தன்னை நம்பியவர்களோடு இரவோடிரவாகக் கப்பலேறினாள். ஆபிரிக்கக் கரையில் ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் கேட்டாள். கிடைத்ததும் தோலை மெல்லிய வாராகக் கீறி, அதனால் ஒரு குன்றையே சுற்றி வளைத்தாள். உரோமர் இந்தக் கதையைத் தமதாக்கியபோது எலிசா 'திதோ' ஆனாள். கதை எப்படியாயினும், கார்த்தேஜ் தன்னைத் தீருவின் பிள்ளையாகவே கருதியது என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் மெல்கார்த்தின் கோயிலுக்குக் கார்த்தேஜிலிருந்து தூதுக்குழு காணிக்கையோடு சென்றது. பிள்ளை நகரம் தாயைவிடப் பெரிதாகி, செல்வத்திலும் படைபலத்திலும் விஞ்சிய பின்பும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை.

கி.மு. 310இல் கார்த்தேஜை எதிரிகள் நெருக்கியபோது, காலப்போக்கில் காணிக்கையைக் குறைத்துவிட்டதால்தான் இந்தத் துன்பம் வந்தது என்று மக்கள் அஞ்சினர். பெருந்தொகைப் பணத்தையும் விலைமதிப்பற்ற பொருள்களையும் தீருவுக்கு அனுப்பினர் என்று தியோதோரஸ் எழுதுகிறார்.

தாயும் பிள்ளையை மறக்கவில்லை. கி.மு. 525ஐ ஒட்டி எகிப்தை வென்ற பாரசீக மன்னன் காம்பிசஸ் அடுத்ததாகக் கார்த்தேஜைத் தாக்கும்படி தன் கடற்படைக்குக் கட்டளையிட்டான். அந்தக் கடற்படையின் முதுகெலும்பு பினீசியர். அவர்கள் மறுத்துவிட்டார்கள். எம் பிள்ளைகள்மீது படை எடுப்பது பாவம், சத்தியத்தால் கட்டுண்டிருக்கிறோம் என்று சொன்னார்கள். அவர்கள் இல்லாமல் கடற்படைக்குப் பலமில்லை. பேரரசன் தன் எண்ணத்தைக் கைவிட்டான். ஹெரோடோட்டஸ் ஒருசில வரிகளில் சொல்லிச் செல்லும் செய்தி இது. அடிமைப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் தன் பேரரசனிடம் முடியாது என்று சொல்லிய இந்த நிகழ்வு எமக்கு முழு வரலாற்றிலும் மிகப் பெரியதாகத் தோன்றுகிறது.

பதின்மூன்று ஆண்டுகளும் ஏழு மாதங்களும்

தீருவைச் சுற்றியிருந்த பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வாசலுக்கு வந்தன. அசீரியருக்கு நகரம் திறை கொடுத்தது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் படையோடு வந்தபோது தீருவின் மன்னன் லூலி சைப்பிரசுக்குத் தப்பியோடினான். பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சார் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் நகரை 13 ஆண்டுகள் முற்றுகையிட்டான். யெருசலேமை எரித்த அவனால் இந்தத் தீவுக்குள் புக முடியவில்லை. இறுதியில் தீரு அவனது மேலாண்மையை ஏற்றுச் சமரசம் செய்துகொண்டது.

கி.மு. 332இல் அலெக்சாண்டர் வந்தார். மெல்கார்த்தின் கோயிலில் தாமே பலியிடவேண்டும் என்று கேட்டார். கேட்டது வழிபாடு, கேட்டதன் பொருள் நகரின் சாவி. கரையிலுள்ள பழைய நகரில் பலியிடலாம், தீவுக்குள் பாரசீகரையும் விடமாட்டோம், மக்கெதோனியரையும் விடமாட்டோம் என்றனர் தீருவின் மக்கள்.

அலெக்சாண்டரிடம் அப்போது போதிய கப்பல்கள் இல்லை. எனவே கடலைத் தூர்க்கத் தொடங்கினார். கரையிலிருந்த பழைய நகரின் கட்டடங்களை இடித்த கற்களும் மலையில் வெட்டிய மரங்களும் கடலுக்குள் கொட்டப்பட்டன. தீருவின் வீரர்கள் எரிபொருள் நிரப்பிய ஒரு பழங்கப்பலைக் கொண்டுவந்து மோதி அணையின் கோபுரங்களை எரித்தார்கள். அணை மீண்டும் எழுந்தது. அதற்குள் பினீசியாவின் ஏனைய நகரங்கள் அலெக்சாண்டரிடம் பணிந்துவிட்டன. அவற்றின் 80 கப்பல்களும் சைப்பிரசின் 120 கப்பல்களும் அவர் பக்கம் சேர்ந்தன. சீதோன் உட்பட அயல்நகரங்களே பகைவரோடு நின்றதுதான் தீருவின் முடிவை உறுதிசெய்தது.

பெண்களிலும் பிள்ளைகளிலும் ஒரு பகுதியினரை நகரத்தார் முன்கூட்டியே கார்த்தேஜுக்கு அனுப்பிவைத்தனர். கார்த்தேஜால் படை அனுப்ப முடியவில்லை. புகலிடம் கொடுக்க முடிந்தது. ஏழு மாதங்களின் பின் மதில் உடைந்தது. கொல்லப்பட்டோர் 8000, அடிமைகளாக விற்கப்பட்டோர் 30,000 என்கிறார் அர்ரியன். மேலும் 2000 பேர் கடற்கரையில் சிலுவைகளில் அறையப்பட்டனர் என்கிறார் கூர்த்தியஸ்.

அதே கூர்த்தியஸ் இன்னொரு செய்தியையும் தருகிறார். வெற்றிபெற்ற படையோடு நகருக்குள் புகுந்த சீதோன் மக்கள், ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்ற நினைவால், தீருவின் மக்களை இரகசியமாகத் தம் கப்பல்களில் ஏற்றி மறைத்தனர். அவ்வாறு தப்பியவர்கள் 15,000 பேர். எதிர்ப்பக்கத்தில் நின்று போரிட்டவர்களே இதைச் செய்தார்கள்.

அலெக்சாண்டரின் அணை அங்கேயே கிடந்தது. கடலோட்டம் அதன் இருபுறமும் மணலைக் கொண்டுவந்து சேர்த்தது. நூற்றாண்டுகளில் அது அகன்ற நிலமாகித் தீவைக் கரையோடு நிரந்தரமாக இணைத்துவிட்டது. இன்றைய நகரின் பெரும்பகுதி அந்த மணலின்மேல் நிற்கிறது.

எழுதியவை எங்கே?

தீரு வியக்கத்தக்க விரைவில் எழுந்தது. அழிந்து 20 ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், அலெக்சாண்டரின் தளபதிகளுள் ஒருவரான அந்திகோனஸ் அதை மீண்டும் முற்றுகையிட நேர்ந்தபோது 15 மாதங்கள் தாக்குப்பிடித்தது. கி.மு. 126இல் தன்னாட்சி பெற்றது. தீருவில் அச்சான வெள்ளி நாணயத்தின் தரம் மாறாதது என்பதால், மெல்கார்த்தின் தலை பொறிக்கப்பட்டிருந்தும் யெருசலேம் ஆலய வரிக்கு அதுவே ஏற்கப்பட்டது.

பிள்ளை நகரின் கதை வேறு விதமாக முடிந்தது. உரோமரோடு போரிட்ட கார்த்தேஜின் தளபதி ஹனிபால் கி.மு. 195இல் சொந்த நகரிலிருந்து தப்ப வேண்டியதாயிற்று. அவர் போன இடம் தீரு. இன்னொரு தாயகத்துக்கு வந்தவரைப்போல வரவேற்கப்பட்டார் என்று உரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். 600 ஆண்டுகளுக்கு முன் போனவர்களின் வழித்தோன்றலுக்குத் தாய்நகரின் கதவு திறந்தே இருந்தது. கி.மு. 146இல் உரோமர் கார்த்தேஜைத் தரைமட்டமாக்கினர். உயிர் தப்பிச் சரணடைந்த 50,000 பேர் அடிமைகளாயினர்.

கார்த்தேஜின் நூலகங்களை உரோமர் ஆபிரிக்கச் சிற்றரசர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டனர். மாகோ என்பவர் எழுதிய 28 பாக வேளாண்மை நூல் அது. அதை இலத்தீனில் பெயர்க்கும்படி மேலவையே ஆணையிட்டது. மிகுதி அனைத்தும் காலத்தில் மறைந்தன. மாகோவின் நூலும் இன்று இல்லை. பிறர் மேற்கோள் காட்டிய துணுக்குகளே உள்ளன.

தீருவிலும் ஆண்டுக்குறிப்புகள் கவனமாக எழுதிப் பேணப்பட்டன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அவற்றைப் பற்றிக் கூறுகிறார். அவர் எடுத்துக்காட்டிய சில பகுதிகள் மட்டுமே எஞ்சின. உலகுக்கு எழுத்தைக் கொடுத்த மக்களின் கதையை நாம் இன்று கிரேக்கரும் உரோமரும் எபிரேயரும் எழுதியதிலிருந்துதான் படிக்கிறோம். அவர்களுள் பலர் இந்த மக்களின் போட்டியாளர், பகைவர். 'தந்திரக்கார வணிகர்', 'வாக்குத் தவறுபவர்' என்ற பழிச்சொற்கள் பினீசியர்மீது ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

இரண்டு பெயர்களும் ஒரு வாடகைக் கடிதமும்

தீருவைவிட்டுப் போன சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இரண்டு கற்கள் இதற்கு விடை தருகின்றன.

முதலாவது மால்ட்டாத் தீவில் கிடைத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தீருவைச் சேர்ந்த இரு சகோதரர்கள் மெல்கார்த்துக்கு நேர்த்திக்கடனாக இரட்டைப் பளிங்குத் தூண்களை நிறுவினர். அவற்றில் ஒரே செய்தி இரு மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. பினீசிய வரிகளில் அவர்களின் பெயர்கள் அப்தோசிர், ஒசிர்சமர். கிரேக்க வரிகளில் அதே இருவரும் தியோனிசியோஸ், சரபியோன். வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு பெயர். ஊராருக்கு ஒரு பெயர். இரு மொழியும் ஒரே கல்லில் இருந்ததால்தான் 1758இல் பிரெஞ்சு அறிஞர் பார்த்தெலெமியால் மறக்கப்பட்டிருந்த பினீசிய எழுத்தை மீண்டும் வாசிக்க முடிந்தது.

இரண்டாவது கல் இத்தாலியில், நேப்பிள்சுக்கு அருகிலுள்ள பொத்சுவோலி என்ற துறைமுகத்தில் கிடைத்தது. அதன் அன்றைய பெயர் புத்தியோலி. கி.பி. 174இல் அங்கு வாழ்ந்த தீரு மக்கள் தாய்நகரின் மன்றத்துக்கு எழுதிய கடிதம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடிதம் கிரேக்க மொழியில் இருக்கிறது. ஆனால் தீருவைத் தாயகம் என்றே அழைக்கிறது. செய்தி இதுதான். எமக்கு இங்கே ஒரு நிலையம் உண்டு. மற்ற நகரத்தாரின் நிலையங்களைவிடப் பெரியது, அழகானது. முன்பு நாம் இங்கே பலராகவும் வசதியாகவும் இருந்தோம். நாமே அதைப் பராமரித்தோம். இப்போது சிலராகிவிட்டோம். எம் முன்னோரின் தெய்வங்களுக்கு வழிபாடு நடத்தும் செலவையும் பார்த்துக்கொண்டு, வாடகையையும் கட்ட எம்மால் முடியவில்லை. நிலையம் நிலைக்க வழிசெய்யுங்கள்.

புலம்பெயர் நாட்டில் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சங்க மண்டபத்துக்கோ வீடு வீடாகக் காசு சேர்த்த எவருக்கும் இந்தக் கடிதம் புதிதாக இராது.

கடிதம் டிசம்பர் மாதத்தில் தீருவின் மன்றத்தில் வாசிக்கப்பட்டது. விவாதமும் அதே கல்லில் பதிவாகியுள்ளது. உரோமாபுரியில் உள்ள எம்மவரின் நிலையம் புத்தியோலி நிலையத்துக்கு உதவுவது பழைய வழக்கம் என்று ஓர் உறுப்பினர் எடுத்துச் சொன்னார். புத்தியோலியில் உள்ளவர்கள் கேட்பது நியாயம், என்றும் இருந்த வழக்கம் இன்றும் இருக்கட்டும் என்று மன்றத்தார் குரலெழுப்பினர்.

உரோமர் காலத்துத் தீரு அறிஞர்களையும் தந்தது. கி.பி. 533இல் வெளியான உரோமச் சட்டத் தொகுப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தீருவைப் பூர்வீகமாகக் கொண்ட உல்பியன் எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. மெய்யியலாளர் போர்ஃபிரியும் தீருவில் பிறந்தவர். அவரது வீட்டுப் பெயர் மால்கோஸ், பொருள் அரசன். அரசரின் நிறம் ஊதா, ஊதாவின் ஊர் தீரு என்பதால் ஆசிரியர் அவருக்கு ஊதா நிறத்தான் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். புவியியலாளர் மரினுசும் தீருவைச் சேர்ந்தவர். அவரது நூலைத் திருத்தி விரித்தே தொலமி தமது புகழ்பெற்ற புவியியல் நூலை ஆக்கினார். கொற்கை, முசிறி முதலிய தமிழகத் துறைமுகங்களும் இலங்கையும் இடம்பெற்ற அந்த நூலின் அடித்தளத்தில் ஒரு தீருக்காரரின் உழைப்பு இருக்கிறது.

மொழி எங்கே வாழ்ந்தது?

உரோமர் ஆட்சி நிலைபெற்ற காலத்தில் தீருவிலேயே பினீசிய மொழி மறைந்து, கிரேக்கமும் அரமேயமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் கார்த்தேஜ் அழிந்து 500 ஆண்டுகளின் பின்னரும் வட ஆபிரிக்கக் கிராமங்களில் அந்த மொழி பேசப்பட்டது. புனித அகுஸ்தீன் இதற்குச் சாட்சி. எம் நாட்டுப்புறத்து மக்களிடம் நீங்கள் யார் என்று கேட்டால், பியூனிக் மொழியில் கானானியர் என்று விடை சொல்வார்கள் என்று அவர் எழுதுகிறார். பினீசியர் தம் பழைய நாட்டுக்கு வைத்திருந்த பெயர் கானான். ஒரு சிற்றூருக்கு ஆயரை நியமிக்க வேண்டி வந்தபோது, அந்த மொழி தெரிந்தவரை அவர் தேட வேண்டியிருந்தது. பியூனிக் பெயர்களைப் பார்த்துச் சிரித்த ஒரு படித்த ஆபிரிக்கரை, பிறந்த மண்ணின் மொழிக்கு வெட்கப்படுகிறாயா என்ற தொனியில் கண்டித்து அவர் எழுதிய கடிதமும் எஞ்சியிருக்கிறது.

தாய்நகர் மறந்த மொழியைப் பிள்ளைகள் அத்தனை காலம் வைத்திருந்தார்கள். ஆனால் பள்ளிகளிலும் நூல்களிலும் அது இருக்கவில்லை; வீட்டிலும் வயலிலும் மட்டும் இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் அங்கும் அடங்கிப்போனது.

மதில்கள் விழுந்த பின்

கி.பி. 551இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் இந்தக் கரை முழுவதையும் உலுக்கியது. 7ஆம் நூற்றாண்டில் அரபு முஸ்லிம்களின் ஆட்சி வந்தது. 1047இல் வந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ராவ், ஐந்து ஆறு மாடிக் கட்டடங்கள் கொண்ட வளமான நகரைக் கண்டார். 1124இல் சிலுவைப் போர்வீரரும் வெனிஸ் நகரத்தாரும் அதைப் பிடித்தனர். விரும்பியவர்கள் பொருளோடு வெளியேறலாம், விரும்பியவர்கள் தங்கலாம் என்ற நிபந்தனையில் நகரம் சரணடைந்தது. 1187இல் சலாதீன் யெருசலேமையும் ஏனைய நகரங்களையும் மீட்டபோது, வீழ்ந்த ஊர்களின் அகதிகள் தீருவில்தான் திரண்டனர். சலாதீனால் அதைப் பிடிக்க முடியவில்லை.

1291 மே 18இல் ஆக்கா நகரம் மம்லூக்குகளிடம் வீழ்ந்தது. செய்தி எட்டிய அன்றே தீருவிலிருந்த ஐரோப்பியர் கப்பலேறிப் போய்விட்டனர். எதிரி கடல்வழி திரும்பி வரக்கூடாது என்பதற்காக மம்லூக்குகள் மதில்களை இடித்தனர். அடுத்த நூற்றாண்டில் அவ்வழியே சென்ற இபின் பதூதா கண்டது இடிபாடுகள். 1697இல் வந்த ஆங்கிலப் பயணி ஒருவர், பாழடைந்த நிலவறைகளில் வசித்து மீன்பிடித்துப் பிழைத்த ஒருசில ஏழைகளை மட்டுமே கண்டார். 18ஆம் நூற்றாண்டில் அயலிலுள்ள மலைநாட்டின் சியா முஸ்லிம் தலைவர்கள் அங்கே மீண்டும் மக்களைக் குடியேற்றினர். இன்றைய நகரம் அந்தக் குடியேற்றத்தின் தொடர்ச்சி. 1920இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் அது லெபனானுக்குள் வந்தது. 1943இல் லெபனான் சுதந்திரம் பெற்றது.

அகதிகளின் நகரம்

நகரின் நுழைவாயிலில் அல்-பாஸ் என்ற பகுதி உள்ளது. ஏறத்தாழ 480 மீற்றர் நீளமான உரோமர் காலத் தேரோட்டத் திடல், வெற்றி வளைவு, கல்லறை வீதி ஆகியன அங்கே உள்ளன. 1997 முதல் நடந்த அகழ்வாய்வில், எரித்த சாம்பலைத் தாழிகளில் இட்டுப் புதைத்த பினீசியரின் இடுகாடும் அங்கே வெளிப்பட்டது. இந்த இடிபாடுகளோடு ஒட்டியபடி ஓர் அகதி முகாம் இருக்கிறது. 1939இல் ஆர்மீனிய அகதிகளுக்காகப் பிரெஞ்சு ஆட்சியாளர் அமைத்தது அது. 1948இல் பாலஸ்தீனத்திலிருந்து விரட்டப்பட்ட மக்கள் பின்னர் அங்கே குடியேறினர். தீருவைச் சுற்றி ரசீதியா, புர்ஜ் அல்-சமாலி என்று வேறு இரு முகாம்களும் உள்ளன. தற்காலிகம் என்று தொடங்கிய அந்த முகாம்களில் பல தலைமுறைகள் பிறந்துவிட்டன.

தென்லெபனான் மக்களும் புலம்பெயர்ந்தவர்களே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தீருவிலிருந்தும் அதன் அயற்கிராமங்களிலிருந்தும் பலர் மேற்கு ஆபிரிக்காவுக்குப் போய்க் கடை வைத்தனர். பழைய கப்பல்கள் போன அதே திசை.

1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், 1978இலும் 1982இலும் நடந்த இஸ்ரேலியப் படையெடுப்புகள், 2006ஆம் ஆண்டுப் போர் என்று நகரம் அடுத்தடுத்து அடிவாங்கியது. இவற்றுக்கிடையே 1984இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தளமாக அறிவித்தது. 2024 ஒக்டோபரில் வெளியேற்ற உத்தரவுகளைத் தொடர்ந்து நகருக்குள் குண்டுகள் விழுந்தன. நவம்பர் 18இல் யுனெஸ்கோ லெபனானின் 34 பண்பாட்டுத் தளங்களுக்குத் தற்காலிக மேம்பட்ட பாதுகாப்பை வழங்கியது. தீருவும் அவற்றுள் ஒன்று. கற்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. அயலில் குடியிருந்தவர்கள் தம் பொருள்களைக் கட்டிக்கொண்டு வடக்கே போக வேண்டியிருந்தது.

சீதோனை நோக்கிய வடக்குத் துறைமுகம் இன்றும் பாவனையில் உள்ளது. பழைய துறைமுகம் இருந்த அதே இடத்தில்தான் மீன்பிடிப் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

தீருவுக்கு எல்லோராலும் போக முடியாது. ஆனால் தீரு எமக்கு அருகில் வந்திருக்கிறது. இலண்டனில் வாழ்பவர்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பலாவாத் வாயிற்கதவுகளின் வெண்கலப் பட்டைகளைக் காணலாம். தீவுக்கோட்டையிலிருந்து திறைப் பொருள்களைப் படகில் ஏற்றி அசீரியனிடம் கொண்டுசெல்லும் தீருவின் மக்கள் அதில் இருக்கிறார்கள். பாரிசில் வாழ்பவர்களுக்கு லூவர் அருங்காட்சியகம் இருக்கிறது. மால்ட்டாவின் இரட்டைத் தூண்களுள் ஒன்று அங்கேதான் உள்ளது. பிள்ளைகளோடு அங்கு செல்பவர்கள் அந்தக் கல்லின் முன் சற்று நில்லுங்கள். இரண்டு சகோதரர்கள் தங்கள் இரண்டு பெயர்களையும் ஒரே கல்லில் ஏன் வெட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வளரும் பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கும்.